யார் இந்த கில்பர்ட் ஸ்லேட்டர்? சர்க்கார் கணக்கில் வராத பாலக்குறிச்சியை நோட்டுப் புத்தகத்தில் ஏற்ற வைத்த மெட்ராஸ் பேராசிரியர்!

நாகை மாவட்டத்தில் உள்ள பாலக்குறிச்சி, வெளியூர்க்காரர்களுக்குப் பெரிதாகத் தெரியாத ஒரு டெல்டா கிராமம். ஆனால் உலகம் முழுக்க உள்ள பொருளாதார ஆய்வாளர்களில் பலருக்கு இந்த ஊரின் பெயர் தெரியும். நூறு வருஷத்துக்கும் மேலாக, திரும்பத் திரும்பக் கணக்கெடுக்கப்பட்ட ஊர் இது. அந்த முதல் கணக்கை எடுத்தது அரசாங்கம் இல்லை. எடுக்க வைத்தவர், இங்கிலாந்தில் இருந்து சென்னைக்கு வந்த ஒரு பேராசிரியர். பெயர் கில்பர்ட் ஸ்லேட்டர்.

ஒரு நாட்டின் வருமானம், விளைச்சல், கூலி எல்லாம் அரசு தரும் எண்களில் இருந்துதான் வரவேண்டுமா? அரசு சாராத ஒருவர் எடுத்த கணக்கை நம்பலாமா? ஐ.நா., உலக வங்கி, ஐ.எம்.எஃப் எல்லாம் இன்றைக்கும் பேசிக்கொண்டிருக்கும் கேள்வி இது. இதற்கு ஸ்லேட்டரின் வாழ்க்கையில் ஒரு பாதி பதில் இருக்கிறது. மீதிப் பாதி பாலக்குறிச்சியில் இருக்கிறது.

மேயர், முதல்வர், பிறகு மெட்ராஸ்

1864-ம் ஆண்டு இங்கிலாந்தின் பிளிமத் நகரில் பிறந்தவர் ஸ்லேட்டர். கேம்பிரிட்ஜில் படித்தார். ஆனால் கல்லூரி வளாகத்துக்குள்ளேயே உட்கார்ந்திருந்த ஆள் இல்லை. தொழிலாளர்கள் நிறைந்த வூல்விச் பகுதியின் அரசியலில் இறங்கி, 1905-06-ல் அதன் மேயராகவே இருந்தார். அதன் பிறகு 1909-ல் ஆக்ஸ்ஃபோர்டில் உள்ள ரஸ்கின் கல்லூரியின் முதல்வரானார். ஆலைத் தொழிலாளி, சுரங்கத் தொழிலாளி போன்றவர்கள் படிப்பதற்கென்றே தொடங்கப்பட்ட கல்லூரி அது.

அவர் ஆய்வு செய்த விஷயமும் நிலம் சம்பந்தப்பட்டதுதான். இங்கிலாந்தில் ஊர்ப் பொதுவாக இருந்த வயல்களும் மேய்ச்சல் நிலங்களும் எப்படி வேலி போட்டுத் தனியார் கைக்குப் போயின, அதனால் சின்ன விவசாயி என்ன ஆனார் என்பதைப் பற்றி 1907-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். அதற்காக நாடாளுமன்றச் சட்டங்களைப் புரட்டியதோடு நிற்கவில்லை. பழைய பொது வயல் முறை இன்னும் மிச்சமிருந்த லாக்ஸ்டன் போன்ற ஊர்களுக்கு நேரில் போய்ப் பார்த்தார். காகிதத்தில் இருப்பதை வயலில் போய்ச் சரிபார்க்கும் பழக்கம் அங்கேயே வந்துவிட்டது.

1915-ல் சென்னைப் பல்கலைக்கழகம் இந்தியப் பொருளாதாரத்துக்கு ஒரு பேராசிரியர் பதவியை உருவாக்கியது. அந்தப் பதவியில் முதலில் உட்கார்ந்தவர் ஸ்லேட்டர். அப்போது அவருக்கு வயது 51. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த சமயம் அது.

அப்போது நடந்துகொண்டிருந்த பெரிய சண்டை

ஸ்லேட்டர் வந்து இறங்கியபோது, இந்தியப் பொருளாதாரத்தில் ஒரே ஒரு கேள்விதான் சூடாக ஓடிக்கொண்டிருந்தது. இந்தியர்கள் ஏழையாகிக்கொண்டே போகிறார்களா, இல்லை கொஞ்சம் கொஞ்சமாக முன்னேறுகிறார்களா?

தாதாபாய் நவ்ரோஜி போட்ட கணக்குப்படி, 1867-68-ல் ஓர் இந்தியரின் சராசரி ஆண்டு வருமானம் 20 ரூபாய். வைஸ்ராய் கர்சன் 1901-ல் சொன்ன கணக்கு 30 ரூபாய். சென்னையில் பத்திரிகை ஆசிரியராக இருந்து 1877 பஞ்சத்தை நேரில் பார்த்த வில்லியம் டிக்பி, கர்சன் சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கவே இல்லை. அவர் கணக்கில் வருமானம் 20 ரூபாய்க்கும் கீழே.

இங்கதான் ஒரு சிக்கல். மூன்று பேருமே பெரும்பாலும் ஒரே மாதிரியான அரசு ஆவணங்களில் இருந்துதான் கணக்குப் போட்டார்கள். எவ்வளவு நிலம், எவ்வளவு விளைச்சல், என்ன விலை என்ற எண்களை அவரவர் ஒரு விதமாகக் கூட்டினார்கள். அடியில் இருக்கும் எண்ணே தப்பாக இருந்தால்? அதை யாரும் போய்ப் பார்க்கவில்லை.

சர்க்கார் கணக்கு எப்படி வந்தது?

தஞ்சாவூர் ஜில்லாவில் ஒரு வயலை எடுத்துக்கொள்வோம். அதில் என்ன பயிர், எத்தனை ஏக்கர், யார் பெயரில் பட்டா என்பதை அடங்கலிலும் சிட்டாவிலும் எழுதுபவர் ஊர்க் கர்ணம், அதாவது கணக்குப்பிள்ளை. அவர் எழுதியது தாலுகா ஆபீசுக்குப் போகும். அங்கிருந்து கலெக்டர் ஆபீஸ். பிறகு சென்னை ரெவின்யூ போர்டு. கடைசியாகக் கல்கத்தாவில் இருந்த மத்தியப் புள்ளிவிவர அலுவலகம்.

அதோடு முடியவில்லை. 1905-ல் ரோம் நகரில் சர்வதேச வேளாண் நிறுவனம் என்று ஒன்று தொடங்கப்பட்டது. இன்றைய எஃப்.ஏ.ஓ. அமைப்புக்கு முன்னோடி. உலக நாடுகளின் விளைச்சல் கணக்கைத் திரட்டி வெளியிடுவது அதன் முக்கிய வேலை. கணக்கைக் கொடுப்பவை அரசாங்கங்கள். ஆக, காவிரிப் பாசன ஊரில் ஒரு கர்ணம் எழுதிய எண், பல கை மாறி ரோம் வரைக்கும் போய் உலகப் புள்ளிவிவரமாக நின்றது.

அந்த எண் எவ்வளவு நம்பகமானது? பரப்பளவு ஓரளவு சரியாகவே இருந்தது. ஏனென்றால் ரயத்துவாரி முறையில் ஒவ்வொரு வயலும் அளந்து சர்வே நம்பர் போடப்பட்டிருந்தது. வரி வசூலே அதை வைத்துத்தான். ஆனால் விளைச்சல் அப்படி இல்லை. ஒரு சராசரி விளைச்சலை வைத்துக்கொண்டு, இந்த வருஷம் அதில் எத்தனை பங்கு தேறும் என்று கண்ணால் பார்த்துச் சொல்வார்கள். அறுவடை செய்து எடை போட்டுப் பார்க்கும் முறையான மாதிரிக் கணக்கெடுப்பு இந்தியாவில் பரவலானது 1940-களில்தான்.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருந்தது. சர்க்கார் கணக்கு நிலத்தைப் பற்றியது. வரி கட்டுபவரின் பெயர் அதில் இருக்கும். அந்த நிலத்தில் நாற்று நட்டு, களை எடுத்து, அறுத்து, அடித்து, களத்தில் தூற்றிய ஆளின் பெயர் இருக்காது. அவருக்கு என்ன கூலி, எவ்வளவு கடன், வருஷத்தில் எத்தனை நாள் வேலை என்பதும் இருக்காது. சென்சஸில் அவர் ஒரு தலை. அவ்வளவுதான்.

லீவுக்கு ஊருக்குப் போகிறாயா? இந்தக் கேள்விகளைக் கொண்டு போ!

ஸ்லேட்டருக்குத் தமிழ்நாட்டுக் கிராமம் புதுசு. பாஷையும் புதுசு. ஆனால் அவர் வகுப்பில் உட்கார்ந்திருந்த மாணவர்கள் தஞ்சாவூர், திருநெல்வேலி, ஆற்காடு, ராமநாதபுரம் ஜில்லாக்களில் இருந்து வந்தவர்கள். ஆளுக்கு ஓர் ஊர் இருந்தது.

அவர் ஒரு கேள்விப் பட்டியல் தயார் செய்தார். ஊரில் எத்தனை வீடு, எந்தெந்தச் சாதியில் எத்தனை பேர், யாரிடம் எவ்வளவு நிலம், எத்தனை பேருக்கு நிலமே இல்லை, என்ன கூலி, அது காசா நெல்லா, கடன் யாரிடம், என்ன வட்டி, வேறு என்ன தொழில் நடக்கிறது, சாப்பாட்டுக்கும் துணிக்கும் என்ன செலவு என்று போகும் கேள்விகள். விடுமுறைக்கு ஊருக்குப் போகும் மாணவர்கள் இதற்குப் பதில் எழுதிக்கொண்டு வர வேண்டும்.

1916-ல் தொடங்கிய இந்த வேலை, 1918-ல் 'சம் சவுத் இந்தியன் வில்லேஜஸ்' என்ற புத்தகமாக ஸ்லேட்டரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு வெளிவந்தது. தமிழ், தெலுங்கு, மலையாளம் பேசும் பகுதிகளின் கிராமங்கள் அதில் இருந்தன. தமிழ்ப் பகுதியில் பிறகு அதிகம் பேசப்பட்டவை ஐந்து. விருதுநகர் பக்கம் வடமலைபுரம், நெல்லைச் சீமையில் கங்கைகொண்டான், காஞ்சிபுரத்தை ஒட்டிய தூசி, விழுப்புரம் பகுதியின் இருவேல்பட்டு, காவிரி டெல்டாவின் பாலக்குறிச்சி. இன்றுவரை ஆய்வாளர்கள் இவற்றை ஸ்லேட்டர் கிராமங்கள் என்றே சொல்கிறார்கள்.

அது அரசு ஆவணம் இல்லை. கலெக்டர் உத்தரவும் இல்லை. கல்லூரிப் பையன்கள் எழுதிய கணக்கு. ஆனால் அரசுக் கணக்கில் இல்லாத ஆட்கள் அதில் இருந்தார்கள்.

பாலக்குறிச்சி ஏன் முக்கியம்?

டெல்டாவில் நிலம் ஒரு பக்கம், உழைப்பு ஒரு பக்கம் என்று பிரிந்து கிடந்த காலம் அது. நிலம் மிராசுதார்களிடமும் கோயில், மடங்களிடமும் இருந்தது. கொஞ்சம் பேர் குத்தகைக்கும் வாரத்துக்கும் பயிர் செய்தார்கள். வயலில் இறங்கி வேலை செய்தவர்களில் பெரும்பகுதி தலித் மக்கள். பலர் பண்ணையாட்கள். வாங்கிய கடனுக்காக ஒரே பண்ணையில் வருஷக்கணக்கில் கட்டுண்டு கிடந்தவர்கள்.

அவர்களுக்குக் கூலி பெரும்பாலும் நெல். மரக்காலில் அளந்து கொடுப்பார்கள். 12 மரக்கால் ஒரு கலம். ஆனால் எல்லா ஊரிலும் ஒரே மரக்கால் கிடையாது, ஊருக்கு ஊர் அளவு மாறும். அறுவடைக் காலத்தில் கிடைப்பது வேறு, மற்ற நாளில் கிடைப்பது வேறு. குடிசை போட்டுக்கொள்ள இடம், பண்டிகைக்குத் துணி என்று காசில் சொல்ல முடியாத பங்கும் உண்டு.

இதைச் சராசரி வருமானம் என்ற ஒரே எண்ணுக்குள் எப்படி அடக்குவது? கர்சனின் 30 ரூபாயிலும் பண்ணையாள் உண்டு, மிராசுதாரும் உண்டு. இரண்டையும் கூட்டி வகுத்தால் யாருடைய வாழ்க்கையும் அதில் தெரியாது. ஊரளவில் எழுதிய கணக்கில்தான் இந்த வித்தியாசம் கண்ணில் படும்.

இது வெறும் ஏட்டு விஷயம் இல்லை. பின்னாளில் இதே கீழத்தஞ்சையில் நெல் கூலியை வைத்து எவ்வளவு பெரிய போராட்டங்கள் நடந்தன என்பது எல்லோருக்கும் தெரியும். 1952-ல் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1968 டிசம்பர் 25-ம் தேதி இரவு, கூலிப் போராட்டத்தின் தொடர்ச்சியாகக் கீழவெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். மரக்கால் அளவு என்பது டெல்டாவில் உயிர் போகிற விஷயமாக இருந்தது.

ஆனால் குறையே இல்லையா?

இருக்கிறது. முதல் குறை, ஊர்களைத் தேர்வு செய்த விதம். மாணவர்களின் சொந்த ஊர், தெரிந்த ஊர் என்றுதான் எடுத்தார்கள். ஆகவே பாலக்குறிச்சியில் பார்த்ததை வைத்து மொத்தத் தஞ்சாவூர் ஜில்லாவுக்கும் கணக்குச் சொல்ல முடியாது.

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. 1916-ல் கல்லூரி வரை வந்து படித்தவர்கள் பெரும்பாலும் நிலமுள்ள, உயர்சாதி வீட்டுப் பிள்ளைகள். அக்ரஹாரத்திலும் பெரிய தெருவிலும் அவர்களுக்குக் கதவு திறக்கும். சேரிக்குள் எத்தனை முறை போனார்கள்? பண்ணையார் வீட்டுப் பையன் வந்து கடன் எவ்வளவு என்று கேட்டால் ஒரு பண்ணையாள் என்ன சொல்லியிருப்பார்? அரசு சாராத கணக்கு என்பதாலேயே அது நடுநிலையான கணக்கு ஆகிவிடாது.

அப்படி இருந்தும் அந்தப் புத்தகம் ஏன் நிலைத்தது? எந்த ஊர், எந்த வருஷம், என்ன கேள்வி என்பதை வெளிப்படையாகச் சொல்லியிருந்தார்கள். அதனால் இன்னொருவர் அதே ஊருக்குப் போய், அதே கேள்விகளைக் கேட்டு, சரியா தப்பா என்று பார்க்க முடிந்தது. பார்க்கவும் செய்தார்கள்.

ஸ்லேட்டரின் கடைசிக் காலம்

1921-ல் பேராசிரியர் பதவிக்காலம் முடிந்தது. 1921-22-ல் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் நியமன உறுப்பினராக இருந்தார். நீதிக்கட்சி ஆட்சியில் இருந்த காலம் அது. பிறகு இங்கிலாந்து திரும்பினார்.

1924-ல் இந்தியப் பண்பாட்டில் திராவிடக் கூறு பற்றி ஒரு புத்தகம் எழுதினார். தமிழ்நாட்டில் அவர் பெயரைப் பலரும் கேள்விப்பட்டது இந்தப் புத்தகத்தின் மூலமாகத்தான். இனங்களைப் பற்றி அந்தக் காலத்தில் புழங்கிய ஊகங்கள் பல அதில் உண்டு. இன்றைய ஆய்வாளர்கள் அவற்றை அப்படியே ஏற்பதில்லை. 1936-ல் தென்னிந்தியாவின் அரசியல், பொருளாதாரப் பிரச்சினைகள் பற்றி இன்னொரு நூல் வந்தது. 1938-ல் காலமானார்.

அதே ஊர், திரும்பத் திரும்ப

அவர் உயிரோடு இருந்தபோதே மறுகணக்கு தொடங்கிவிட்டது. 1936-37-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பி.ஜே.தாமஸும் கே.சி.ராமகிருஷ்ணனும் அதே கிராமங்களை மறுபடி ஆய்வுக்கு எடுத்து, 1940-ல் புத்தகமாக வெளியிட்டார்கள். நடுவில் உலகப் பொருளாதார மந்தம் வந்து, நெல் விலை சரிந்து, டெல்டாவே ஆடிப்போயிருந்தது. மேட்டூர் அணையும் 1934-ல் வந்திருந்தது. இருபது வருஷ மாற்றத்தை ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பழைய கணக்கு கையில் இருந்தது பெரிய விஷயம்.

1960-களில் மார்கரெட் ஹாஸ்வெல் என்ற ஆய்வாளர் ஸ்லேட்டர் கிராமங்களை ஆய்வுக்கு எடுத்தார். 1980-களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் மீண்டும் இறங்கியது. பாலக்குறிச்சி மறு ஆய்வை எழுதியவர் எஸ்.குகன். தமிழ்நாடு அரசில் நிதித்துறைச் செயலாளராக இருந்தவர். அரசுக் கோப்புகளில் வரும் எண்களை நன்றாகத் தெரிந்த ஒருவரே, அரசு சாராத ஊர்க் கணக்கைத் தேடிப் போனார். கடந்த பத்தாண்டுகளில் ஃபவுண்டேஷன் ஃபார் அக்ரேரியன் ஸ்டடீஸ் அமைப்பும் பாலக்குறிச்சியையும் வெண்மணியையும் ஆய்வு செய்தது.

உலகக் கணக்கில் இதன் பங்கு என்ன?

தனி ஆட்கள் எடுத்த கணக்கு அரசுக் கணக்காகவும் உலகக் கணக்காகவும் மாறிய கதை இந்தியாவிலேயே உண்டு. காஞ்சிபுரத்தில் பிறந்த வி.கே.ஆர்.வி.ராவ், கேம்பிரிட்ஜில் படித்துவிட்டு 1930-களில் இந்தியாவின் தேசிய வருமானத்தைக் கணக்கிட்டார். அரசு எண்கள் இல்லாத இடங்களைத் தனி விசாரணைகளை வைத்து நிரப்பினார். 1949-ல் அரசே தேசிய வருமானக் குழு அமைத்தபோது, மகலனோபிஸ் தலைமையில் இருந்த உறுப்பினர்களில் ராவும் ஒருவர். வெளியில் இருந்து கணக்குப் போட்டவர் உள்ளே வந்துவிட்டார்.

சென்னைப் பல்கலைக்கழகப் பொருளாதாரத் துறையில் பணியாற்றிய பி.எஸ்.லோகநாதன், 1947-ல் ஆசியாவுக்கான ஐ.நா. பொருளாதார ஆணையத்தின் முதல் நிர்வாகச் செயலாளரானார். பிறகு 1956-ல் டெல்லியில் தொடங்கப்பட்ட என்.சி.ஏ.இ.ஆர். என்ற தனி ஆய்வு நிறுவனத்தின் முதல் தலைமை இயக்குநரானதும் அவரே. அந்த நிறுவனத்தின் குடும்பக் கணக்கெடுப்புகளை இன்றைக்கும் உலக ஆய்வாளர்கள் பயன்படுத்துகிறார்கள்.

2013-ல் சர்வதேச அமைப்புகளின் புள்ளிவிவர ஒருங்கிணைப்புக் குழு, அரசு சாராத தரவுகளை எப்படிப் பயன்படுத்தலாம் என்று ஒரு வழிகாட்டியே வெளியிட்டது. அதன் சாரம் எளிமையானது. எங்கிருந்து எடுத்தோம் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். எப்படி எடுத்தார்கள், தரம் என்ன என்று பார்க்க வேண்டும். சம்பந்தப்பட்ட நாட்டின் புள்ளிவிவரத் துறையிடமும் பேச வேண்டும். பாலக்குறிச்சிக் கணக்கு இத்தனை வருஷம் தாக்குப்பிடித்ததற்கும் கிட்டத்தட்ட இதே காரணம்தான்.

இன்றைய டெல்டாவில்

கர்ணம் பதவி 1980-ல் ஒழிக்கப்பட்டது. இப்போது வி.ஏ.ஓ. இருக்கிறார். அடங்கல் ஆன்லைனுக்குப் போய்விட்டது. வேளாண் பல்கலைக்கழகம், செயற்கைக்கோள் ரேடார் படங்களை வைத்து நெல் பரப்பையும் விளைச்சலையும் கணிக்கிறது. மேகம் மூடிய சம்பா பருவத்திலும் ரேடாருக்கு வயல் தெரியும். பயிர்க் காப்பீட்டுக்கும் இந்தக் கணிப்புகள் பயன்பட்டிருக்கின்றன.

ஆனால் மேலே இருந்து பார்த்தால் பயிர் தெரியும், பயிர் செய்தவர் தெரியமாட்டார். வாய்மொழிக் குத்தகைக்கு நிலம் எடுத்தவருக்கு இன்றைக்கும் அதுதான் தலைவலி. குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. இருந்தும் பதிவில் ஏறாத குத்தகைதாரர்கள் டெல்டா முழுக்க இருக்கிறார்கள். வெள்ளம் வந்து தாளடி அழுகினால், பட்டா யார் பெயரில் என்று கேட்பார்கள். இழப்பீடு, கடன், காப்பீடு எல்லாமே அந்தப் பதிலில் போய் நிற்கும்.

யாருக்கு நிலம், யாருக்கு நிலமில்லை, யார் பாடுபடுகிறார் என்று வீடு வீடாகக் கேட்கச் சொன்ன ஸ்லேட்டரின் கேள்வித்தாளுக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது. டெல்டாவில் அதற்கு இன்னும் வேலை இருக்கிறது.